மேனேஜரின் முடி உதிர்வு குறித்து

காரிமங்கலம்,
சனிக்கிழமை மாலை.

அன்புள்ள தம்பி மாதேஸ்வரனுக்கு,

அக்காள் கோகிலவாணி எழுதுவது. இங்கு நான் சுகம். நீயும் வெண்மதியும் குழந்தையும் உன் மாமியாரும் ஓசூரில் சுகமாயிருக்க வேண்டும் என்று எழுதுவது முறை, எழுதிவிட்டேன். இதையெல்லாம் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் நான் இரண்டாவது வாக்கியத்தைத் தொடங்குவதற்குள் நீ "சரிக்கா, சரிக்கா" என்று சொல்லி வைத்துவிடுகிறாய். கடிதத்தில் உனக்கு அந்த வசதி இல்லை.

வெண்மதிக்கு ஏழாம் மாதம் நடந்தபோது நீ உன் பூனையை என்னிடம் கொண்டுவந்து விட்டாய். உங்கள் தொழிற்சாலை கேண்டீனில் வளர்ந்த பளபளப்பு அப்போது அதன் மேல் இருந்தது. யார் வேலை செய்தாலும் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, தான் ஒன்றும் செய்யாமல் பார்த்துக்கொண்டே இருக்கும் என்பதால் அங்கே அதற்கு மேனேஜர் என்று பெயர் வைத்ததாகச் சொன்னாய். பெயர் பொருத்தமானதுதான். நான் விடைத்தாள் திருத்தும்போதும் அப்படித்தான் உட்கார்ந்திருந்தது. இரண்டு மாதம் கழித்துக் காதோரம் முடி கொட்டியது, பிறகு கழுத்தில், பிறகு வயிற்றில். நேர்மைக்காக உனக்குப் புகைப்படம் அனுப்பினேன். அதை உன் மாமியார் பார்த்துவிட்டு, "கைக்கொழந்த இருக்கற வூட்டுக்குச் சொறி புடிச்ச பூனையா? தீர்த்தமலையில கொண்டுபோயி வுட்டுடுங்க, சாமி கும்புட வர்ற சனம் சோறு போடும்" என்று சொன்னது போனில் எனக்குக் கேட்டது. நீ மறுக்கவில்லை. "பார்க்கலாம்" என்றாய். உன் 'பார்க்கலாம்' எனக்கு நாற்பது வருடப் பழக்கம். நீ அதை அழைத்துப்போக வருவதற்குள் காரணம் தெரியாவிட்டால் மேனேஜர் மலையேறிவிடும் என்று எனக்குப் புரிந்தது.

கல்லூரியில் இருபது வருடமாகப் புள்ளியியல் நடத்துகிறவள் செய்யக்கூடியதைச் செய்தேன். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுவது, மற்றதை அப்படியே வைத்திருப்பது, பத்து நாள் பார்ப்பது. தினமும் காலையில் அது படுத்த இடத்தில் கிடக்கும் முடியைச் சேகரித்து, தேதி எழுதிய உறையில் போட்டு, வேதியியல் ஆய்வகத் தராசில் நிறுத்தேன். ஆய்வக உதவியாளர் கதிரவன், "இது என்னாங்க மேடம்?" என்றார். "முடி" என்றேன். அதற்கு மேல் அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை, ஏனென்றால் என் வீட்டு விஷயம் எதையும் நான் அந்தக் கல்லூரியில் பேசியதில்லை. மறுநாள் என் மேசை மேல் யாரோ ஒரு புட்டி கரிசலாங்கண்ணித் தைலம் வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். அதற்கடுத்த நாள் இன்னொரு புட்டி. துறைத்தலைவர் என்னைத் தனியே அழைத்து, இந்த வயதில் இது எல்லாருக்கும் வருவதுதான், கவலைப்படாதீர்கள் என்றார். நான் நன்றி சொல்லிவிட்டு வந்தேன்.

முதல் பத்து நாள் தயிர்ச்சோற்றை நிறுத்தி உப்பில்லாமல் வேகவைத்த மீன் கொடுத்தேன், உதிரும் முடியின் எடை குறையவில்லை. அடுத்த பத்து நாள் தண்ணீர். நம்மூர் போர்த் தண்ணீரின் ஃபுளோரைடு பல்லை என்ன செய்யும் என்று உனக்கே தெரியும், முடியை என்ன செய்யும் என்று யார் கண்டது என்று, எனக்கென்று குடத்தில் பிடித்து வைத்த ஒகேனக்கல் தண்ணீரைப் பூனைக்கு ஊற்றிவிட்டு நான் போர்த் தண்ணீரைக் குடித்தேன். அது முகர்ந்து பார்த்துவிட்டு வாசலில் வாளிக்குள் தலையை விட்டுக் குடித்தது. பிறகு தரை துடைக்கும் பினாயிலை நிறுத்தினேன், படுக்கச் சாக்குக்குப் பதில் பழைய பருத்திப் புடவையை விரித்தேன். அந்தப் புடவை நாட்களில் எடை கொஞ்சம் ஏறியது. மதியத்தில் ஜன்னல் வழியாக விழும் வெயிலில் அதன் முடி மெல்ல மிதந்துகொண்டிருக்கும். பிடிக்க வேண்டும், நிறுக்க வேண்டும் என்று கையில் உறையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அது கீழே இறங்காது, மேலேயும் போகாது. எத்தனை நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று பலமுறை எனக்கே தெரியவில்லை. அந்த நாட்களின் அளவுகளை நான் கணக்கில் சேர்க்கவில்லை.

மதியம் இரண்டு மணியானால் மேனேஜர் எழுந்து எங்கோ போகிறது என்பதை அப்போதுதான் கவனித்தேன். போன சனிக்கிழமை குடையை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனேன். பக்கத்து மல்பெரித் தோட்டத்துக்குள் நுழைந்தது. இலைகளுக்கு நடுவே வால் மட்டும் தெரிந்தது. வெயிலில் எல்லாம் லேசாக அசைந்தது, நான் தூங்கிக்கொண்டே நடப்பது போலிருந்தது. தோட்டத்தின் கடைசியில் சென்னம்மாளும் அவள் வீட்டுக்காரர் மாதப்பனும் பட்டுப்புழு வளர்க்கும் கொட்டகை. வாசலில் ஒரு அகலத் தட்டில் சுண்ணாம்பும் பிளீச்சிங் பவுடரும் கலந்த தண்ணீர். வெளியிலிருந்து வருகிறவர்கள் நோயைக் கொண்டுவந்து புழுவுக்குக் கொடுத்துவிடக் கூடாது என்று அதில் காலை நனைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும்.

சென்னம்மாள் மேனேஜரை வரவேற்று, தூக்கி, நான்கு கால்களையும் அந்தத் தட்டில் வைத்து எடுத்தாள். பிறகு ஒரு துணியை அதே தண்ணீரில் நனைத்து, காது, கழுத்து, வயிறு என்று பொறுமையாகத் துடைத்துவிட்டாள். பூனை கண்ணை மூடிக்கொண்டு நின்றது.

"தெனமுமா இப்படி?" என்றேன்.

"ஆமாங்க டீச்சர். மேனேஜரு ஊரெல்லாம் சுத்திட்டு வர்றாருங்க. அவரு வந்ததுலேர்ந்து கொட்டாய்ல ஒரு எலி கெடையாது. அதுக்காவக் கழுவாம வுட முடியுங்களா? புழுவுக்கு நோவு வந்தா எங்க பாடு போச்சு."

தழை நறுக்கிக்கொண்டிருந்த மாதப்பன் தலையை நிமிர்த்தவில்லை. "பூனையக் கழுவாதடின்னு ஒரு நாளு சொன்னங்க. அன்னிக்கி என்னைய ரெண்டு மொறை கழுவ வெச்சா."

"ஏன் கழுவக் கூடாதுங்கறீங்க?"

"அதுவே நக்கி நக்கிச் சுத்தமா இருக்குதுங்க. எனக்குத்தான் அந்தப் பழக்கம் இல்ல."

"போதும் பேசுனது" என்றாள் சென்னம்மாள். என் பக்கம் திரும்பி, "நீங்களும் நனைங்க டீச்சர். படிச்ச காலுக்குத் தனிச் சட்டம் இல்லீங்க" என்றாள்.

நனைத்தேன். விரல் இடுக்கில் எரிந்தது. அந்த எரிச்சலிலேயே என் ஆராய்ச்சி முடிந்துவிட்டது என்று தெரிந்தது. திரும்பி வந்திருக்க வேண்டும். ஆனால் உள்ளே மழை பெய்துகொண்டிருந்தது.

நீ சிரிப்பாய். தோலுரிக்கும் கடைசித் தூக்கம் முடித்து எழுந்த புழுக்கள், கொட்டகை முழுக்க, அடுக்கடுக்கான தாங்கிகளில் தழை தின்கிற சத்தம் அது. ஓலைக் கூரை மேல் சன்னமாக விடாமல் பெய்கிற மழை போலவே இருக்கும். வெளியே ஏழு வாரமாக ஒரு சொட்டு இல்லை, மண் வெடித்துக் கிடக்கிறது. உள்ளே அரை இருட்டு, தழை வாசனை, மழை. மேனேஜர் ஒரு தாங்கியின் அடியில் போய்ப் படுத்துக் காதுகளை மட்டும் விறைப்பாக வைத்துக்கொண்டது. எலி பிடிக்க வந்ததாகச் சென்னம்மாள் நம்புகிறாள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. நானும் ஒரு கூடையைக் கவிழ்த்து உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் அது எழுந்து வந்து என் பாதத்தின் மேல் தலையை வைத்துக்கொண்டது. நான் காலை அசைக்கவில்லை. இது ஆராய்ச்சியில் சேராது. எழுந்தபோது மணி ஐந்தரை. இந்த வாரம் மூன்று நாள் போயிருக்கிறேன்.

முடிவுக்கு வருகிறேன். காரணம் சுண்ணாம்புத் தண்ணீர். துடைப்பதை நிறுத்தச் சொல்லிவிட்டேன். கொஞ்சம் கண்டிப்பாகவே சொன்னேன். பூனை வரட்டும், கழுவக் கூடாது என்று. "அப்ப வேண்டாங்க டீச்சர், கழுவாம வுட மாட்டேன்" என்று சென்னம்மாள் கதவைச் சாத்திக்கொண்டாள். இரண்டு நாளாக நானும் பூனையும் கதவுக்கு வெளியே உட்கார்ந்து அந்த மழையைக் கேட்கிறோம். இந்த வாரத்தின் சராசரி எடை போன வாரத்தைவிடக் குறைவு. இது சொறி இல்லை, ஒட்டாது, தீர்ந்துவிடும். இதை உன் மாமியாருக்கு வாசித்துக் காட்டு. அடுத்த வாரம் ஞாயிறு காலை வந்து அழைத்துப் போ. அட்டைப்பெட்டியில் ஓட்டை போட்டு வைத்துவிட்டேன். வீடு அமைதியாகிவிடும், எனக்கும் வேலை இருக்கிறது.

வெண்மதி உடம்பைப் பார்த்துக்கொள்ளட்டும். குழந்தை நன்றாகப் படிக்கட்டும் என்று ஆசீர்வதிக்க இன்னும் நேரம் வரவில்லை, நன்றாகத் தூங்கட்டும். உன் மாமியாருக்கு என் வணக்கம்.

இப்படிக்கு,
உன் அக்காள்,
கோகிலவாணி.

பின்குறிப்பு: திங்கட்கிழமை மாலை. தபாலில் போடுவதற்கு முன் பிரித்து எழுதுகிறேன். கால்நடை மருத்துவர் சுகுணாவிடம் மூன்று வாரத்துக்கு முன் போயிருந்தேன். என் ஆராய்ச்சி முறைக்கு அவர் தேவைப்படவில்லை என்று நினைத்ததால் மேலே எழுதவில்லை. அன்று அவர் ஒரு கொத்து முடியைப் பிடுங்கிப் பரிசோதனைக்கு அனுப்பினார். இன்று போன் செய்தார். படர்தாமரை. பூஞ்சைதானாம், தண்ணீர் இல்லையாம். சுண்ணாம்பு எரிச்சலைக் கூட்டியிருக்கும், அவ்வளவுதானாம். மனிதர்களுக்கும் ஒட்டுமாம். என் இடது முன்கையில் பத்து நாளாக ஒரு ரூபாய்க் காசளவு வட்டம் இருக்கிறது, சாக்பீஸ் தூள் என்று நினைத்திருந்தேன். சென்னம்மாளிடம் மன்னிப்புக் கேட்கப் போனேன். அவள் கழுத்தில் இரண்டு இருக்கிறது. அங்கிருந்த மாதப்பன், "ரெண்டு மொறை கழுவுன எனக்கு ஒண்ணுமில்லீங்க" என்றார். மூவருக்கும் களிம்பு வாங்கிவிட்டேன், மூன்றாவது மேனேஜருக்கு.

முழுக்கக் குணமாகும்வரை குழந்தை இருக்கும் வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது என்று மருத்துவர் கண்டிப்பாகச் சொன்னார். மலைக்கும் போகாது, வருகிற சனத்துக்கெல்லாம் ஒட்டிவிடும் என்று உன் மாமியாரிடம் சொல். ஆகையால் ஞாயிறு வர வேண்டாம். மருத்துவர் ஆறு வாரம் என்றார். நீ வீட்டில் எட்டு என்று சொல்லிவை.