அங்குலம் சாரும் ஒன்பது அங்குலமும்

திருவண்ணாமலையில் மலை ஒன்றைத் தவிர மற்ற எல்லாவற்றையும் டேப்பு வைத்து அளந்து முடித்தவர் ஒரே ஒருவர்தான். மலையை அவர் விட்டுவைத்ததற்குப் பக்தி காரணம் என்று நினைத்துவிட வேண்டாம். அது நகராட்சிக் கணக்கில் வரவில்லை, அவ்வளவுதான். வந்திருந்தால், அடிவாரம் ரோட்டுக்குள் எத்தனை அடி நீட்டிக்கொண்டிருக்கிறது என்று சாமிக்கே ஒரு நோட்டீஸ் போயிருக்கும். அதை டைப் அடிக்க வேண்டியவன் நான்.

எழுபதுகளில் நான் நகராட்சியில் கட்டடப் பிரிவு குமாஸ்தா. அவர் அதே பிரிவில் கட்டட ஆய்வாளர். யார் வீடு கட்டினாலும், கடை போட்டாலும், தெருவை எவ்வளவு விழுங்கியிருக்கிறார்கள் என்று அளந்து சொல்வது அவர் வேலை. வருகைப் பதிவேட்டில் அவருக்கு ஒரு பெயர் இருந்தது. யாரும் உபயோகிக்காததால் அது துருப்பிடித்துப் போயிற்று. ஊருக்கு அவர் அங்குலம். மரியாதை தெரிந்தவர்களுக்கு அங்குலம் சார். டேப்பின் மறுமுனையைப் பிடிக்க வேண்டிய ஆள் நீண்ட மருத்துவ விடுப்பில் போயிருந்ததால், அந்த முனை என் தலையில் விழுந்தது. ஏழு வருஷம் பிடித்தேன்.

நான் வேலையில் சேர்ந்த அன்றே, உட்கார்வதற்கு முன்பே, "எழுந்திரு" என்றார்.

"இன்னும் உக்காரவே இல்ல சார்."

"நல்லதாப் போச்சு. உன் மேஜை என் பக்கம் மூணு அங்குலம் வந்திருக்கு. தள்ளிப் போட்டுட்டு உக்காரு."

தள்ளிப் போட்டேன். மேஜை சுவரில் இடித்தது. அதன் பிறகு ஏழு வருஷமும் நான் பக்கவாட்டில்தான் நுழைந்து உட்கார்ந்தேன். எனக்குத் தொப்பை விழாமல் போனதற்கு அவர்தான் காரணம் என்று என் மனைவி இப்போதும் சொல்கிறாள்.

அவரிடம் 'பக்கத்தில்', 'கொஞ்சம்', 'சுமார்' போன்ற வார்த்தைகளைச் சொல்லக் கூடாது. முகம் சுருங்கிவிடும். ஒரு முறை செங்கம் ரோட்டில் ஆசிரமத்துப் பக்கம் ஒரு காம்பவுண்டு சுவரை அளந்துகொண்டிருந்தோம். வெள்ளைக்கார அம்மாள் ஒருத்தி வந்து, மலைமேல் இருக்கும் குகைக்கு வழி கேட்டாள். கையைக் காட்டினார். "ரொம்ப தூரமா?" என்று இங்கிலீஷில் கேட்டாள். அவரும் இங்கிலீஷில் திருப்பிக் கேட்டார்: "ரொம்ப என்றால் எவ்வளவு?"

அவள் அப்படியே நின்றுவிட்டாள். கண்ணை மூடி யோசித்தாள். பிறகு இரண்டு கையையும் கூப்பி அவரை விழுந்து கும்பிட்டுவிட்டுப் போனாள்.

"என்னய்யா ஆச்சு அந்தம்மாவுக்கு?" என்றார்.

"நீங்க உபதேசம் பண்ணிட்டீங்கன்னு நெனச்சிக்கிச்சு சார்."

"நான் அளவு கேட்டேன்யா" என்று எரிச்சலோடு டேப்பைச் சுற்றினார்.

வெளியார் வீட்டோடு நிறுத்திக்கொண்டிருந்தால் பரவாயில்லை. ஒரு நாள் காலையில் அவர் மனைவி ஒரு பதிவுத் தபால் உறையோடு ஆபீசுக்குள் வந்தார். நேராக என்னிடம் வந்து, உறையை மேஜைமேல் வைத்தார்.

"இது நீங்க டைப் அடிச்சதா?"

பார்த்தேன். நான் அடித்ததுதான். ஒரு நாளைக்கு இருபது நோட்டீஸ் அடிப்பவன் விலாசத்தையா படித்துக்கொண்டிருப்பான்? வீட்டுப் பின்புறம் துணி துவைக்கும் கல், சாக்கடைக்குள் எட்டு அங்குலம் நீட்டிக்கொண்டிருப்பதாகவும், பதினைந்து நாளுக்குள் அகற்றாவிட்டால் நடவடிக்கை எடுக்கப்படும் என்றும் இருந்தது. வீட்டுக்காரர் என்ற இடத்தில் அந்த அம்மாளின் பெயர். வீடு அந்த அம்மாளுக்கு அவர் அப்பா கொடுத்தது.

"ஒரே வீட்ல இருக்கோம். ஒரே பானையில சாப்புடறோம். போஸ்ட்மேன் வந்து கையெழுத்து வாங்கிட்டுப் போறான். தெருவே வேடிக்கை பாக்குது" என்றார்.

அங்குலம் சார் தலையை நிமிர்த்தவில்லை. "நேர்ல குடுத்தேன். வாங்க மாட்டேன்னுட்டா. விதிப்படி அடுத்தது பதிவுத் தபால்."

அந்த அம்மாள் உறையை எடுத்து மடித்துக்கொண்டார். "சரி. கல்ல எடுத்துடறேன். இனிமே உங்க துணிய நீங்களே எங்கனா அளந்து தொவைச்சிக்குங்க."

சொன்னபடியே செய்தார். அதற்குப் பிறகு நாலைந்து மாதம் அங்குலம் சார் கசங்கிய சட்டையோடுதான் வந்தார். காலரில் சோப்பு நுரை காய்ந்து வெள்ளையாக ஒட்டியிருக்கும். அந்தச் சட்டையோடு ஊர் முழுக்க நோட்டீஸ் கொடுத்தார்.

இதற்கு நடுவில், இனிமேல் எல்லா அளவும் மீட்டரில்தான் எழுத வேண்டும் என்று ஒரு சுற்றறிக்கை வந்தது. எனக்குக் கொஞ்சம் நம்பிக்கை பிறந்தது. மனிதர் குழம்பிப்போய் ஓய்ந்துவிடுவார் என்று நினைத்தேன். அவர் ஒரு வாரம் வீட்டில் உட்கார்ந்து பட்டியல் போட்டுக்கொண்டு வந்துவிட்டார். ஒன்பது அங்குலம் என்றால் புள்ளி இரண்டு இரண்டு எட்டு ஆறு மீட்டர். கடைசி ஆறை விட்டுவிட்டு அடித்துக் கொடுத்தால், கையெழுத்துப் போடாமல் திருப்பி அனுப்புவார்.

"கடைசி ஆறு யாருக்கு சார் தெரியப்போவுது?"

"எனக்குத் தெரியுதே" என்பார்.

கவுன்சிலர் ஒருவர் வீட்டு முன்னால் போர்டிகோ கட்டினார். தெருவுக்குள் இரண்டடி ஏழு அங்குலம். அங்குலம் சார் எழுதிவிட்டார். கவுன்சிலர் ஆபீசுக்கே வந்து, சிரித்த முகத்தோடு அவர் தோளில் கை போட்டார்.

"என்னப்பா, நம்ம வீடு. கொஞ்சம் பாத்து எழுதக் கூடாதா?"

"பாத்துத்தாங்க எழுதுனேன். மூணு தடவ பாத்தேன்."

கவுன்சிலரின் சிரிப்பு அப்படியே உறைந்துபோயிற்று. அந்த வருஷம் கார்த்திகை தீபத்துக்கு, வெளியூர் ஜனங்களுக்காகத் தற்காலிகக் கக்கூஸ் போடும் வேலை அங்குலம் சாருக்கு வந்து சேர்ந்தது. கூடவே எனக்கும். அவருக்கு அதில் துளிக்கூட வருத்தமில்லை. குழிக்குக் குழி நாலடி என்று கயிறு கட்டி, சுண்ணாம்பில் கோடு போட்டு, சிப்பாய்கள் மாதிரி வரிசையாக நிறுத்தினார். வரிசையில் ஒன்று மட்டும் நாலு அங்குலம் விலகிப்போயிற்று. அதைப் பிரித்துத் தள்ளி நடுகிற வரை யாரையும் உள்ளே விடவில்லை. அதற்குள் லாரியில் வந்து இறங்கிய ஜனங்கள் வேலிக்கு வெளியே நெளிந்துகொண்டு நின்றார்கள். தலையில் துண்டு கட்டிய பெரியவர் ஒருவர் என்னைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். "சாமி, அந்தாள அப்பறமா அளக்கச் சொல்லு சாமி" என்றார். அவர் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. தீபம் பார்க்க வந்தவர். இன்னும் எதையும் பார்க்கவில்லை.

இப்படிப்பட்டவரோடு ஏழு வருஷம் குடித்தனம் நடத்தியவனுக்கு அவர்மேல் என்ன மரியாதை மிஞ்சியிருக்கும்? காசிம் பாய் விஷயத்தில் இருந்த கொஞ்சமும் போயிற்று.

பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு சந்தில் காசிம் பாய் வாடகை சைக்கிள் கடை வைத்திருந்தார். ஏழடி ஆழமுள்ள சின்னக் கடை. முன்னால் இரண்டு கல் தூண், அதன்மேல் ஒரு பனை உத்திரம், அதன்மேல் ஓடு. சந்துக்குப் பின்னால் பள்ளமான இடத்தில் இருபது குடிசைகள். மழை பெய்தால் தண்ணீர் அங்கேதான் போய் நிற்கும். அதற்காகச் சந்தை ஒட்டி ஒரு கால்வாய் வெட்ட உத்தரவு ஆகியிருந்தது. கால்வாய்க் கோட்டுக்குள் எது வந்தாலும் திங்கட்கிழமை ஆள் வந்து இடிக்கும்.

வெள்ளிக்கிழமை அளந்தோம். கல் தூண் இரண்டும் கோட்டுக்குள் ஒன்பது அங்குலம் வந்திருந்தன. கடப்பாறை போட்டுத் தூணைச் சாய்த்தால் உத்திரம் விழும். உத்திரம் விழுந்தால் கடையே விழும். பாய்க்கும் அது புரிந்தது. அவர் ஒரு சைக்கிளின் பின்சக்கரத்தைச் சுற்றிவிட்டு, அது நிற்கிற வரை பார்த்துக்கொண்டிருந்தார்.

"இருவது வருசமா இங்கதான் சார் காத்து அடிக்கறேன்" என்றார் பிறகு. "ஒம்பது அங்குலம் ஜாஸ்தியா சார்?"

திரும்பி வரும்போது நான் கெஞ்சினேன். "கால்வாயக் கொஞ்சம் வளைச்சுப் போட்டா என்ன சார்? வீதி வீதியா எவ்ளோ பேரு முழுங்கியிருக்கான். இந்தாளு பாவம்."

"வளைவுல குப்பை அடைக்கும்யா. அடைச்சா தண்ணி அந்தக் குடிசைக்குள்ள போவும். அங்க இருக்கறவங்க பாவம் இல்லயா?"

"அப்ப அளவ மாத்தி எழுதுங்க."

நின்றுவிட்டார். என்னை அவர் அப்படிப் பார்த்து நான் கண்டதில்லை. "எழுதிட்டா தூண் உள்ள போயிடுமா?" என்று கேட்டுவிட்டு நடந்தார்.

சனிக்கிழமை முழுவதும் நான் அவரோடு பேசவில்லை. நோட்டீஸை டைப் அடித்து, கடைசி ஆறோடு சேர்த்து, அவர் மேஜைமேல் விட்டெறிந்தேன். இந்த மனிதருக்கு உடம்புக்குள் ரத்தம் ஓடவில்லை, டேப்புதான் சுற்றி வைத்திருக்கிறது என்று வீட்டில் போய்ச் சொன்னேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு என் வீட்டு வாசலில் நின்றார்.

"கெளம்புய்யா. பாய் கடைக்குப் போவணும்."

"இன்னிக்கு லீவு சார்."

"அதனாலதான் கூப்புடறேன். நாளைக்கு நான் இன்ஸ்பெக்டர். இன்னிக்கு நான் சும்மா ஆளு."

பின்னால் ஒரு மாட்டு வண்டியில் சவுக்குக் கட்டைகள். வண்டியில் உட்கார்ந்திருந்த மேஸ்திரிக்கு அவர் அதுவரை நாலு நோட்டீஸ் கொடுத்திருக்கிறார். அந்த ஆளை எப்படிச் சம்மதிக்க வைத்தார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

சைக்கிள்களை வெளியே எடுத்தோம். கூரை ஓடுகளை இறக்கினோம். உத்திரத்துக்குச் சவுக்குக் கட்டையை முட்டுக் கொடுத்துவிட்டு, தூண்களைப் பிடுங்கி ஒன்பது அங்குலம் உள்ளே புதுக்குழி வெட்டி நட்டு, உத்திரத்தையும் அதன்மேல் நகர்த்தி வைத்தோம். பாய், மேஸ்திரி, நான், அவர். அவர் சட்டையைக் கழற்றிவிட்டு மண் சுமந்தார். எனக்கு உள்ளங்கை இரண்டும் கொப்புளித்துவிட்டன. ஒரு வழியாக மூன்று மணிக்கு மண் தள்ளி இறுக்கி, அப்பாடா என்று உட்கார்ந்தோம். அவர் டேப்பை எடுத்தார்.

"கால் அங்குலம் வெளிய இருக்கு. பிடுங்கு."

யாரும் அசையவில்லை. பக்கத்தில் கடப்பாறை கிடந்தது. அதை எதற்கு உபயோகிக்கலாம் என்று நாங்கள் மூன்று பேரும் ஒரே சமயத்தில் யோசித்தோம் என்று நினைக்கிறேன். கடைசியில் மேஸ்திரிதான் பேசினார்.

"கால் அங்குலத்துல இன்னா சார் ஆயிடும்?"

"நாளைக்கு நோட்டீஸோட வர்ற ஆளு ரொம்ப மோசமானவன் மேஸ்திரி" என்றார் அங்குலம் சார். "விட மாட்டான்."

பிடுங்கினோம். மறுபடி நட்டோம். இருட்டுவதற்குள் கடைசி ஓட்டை ஏற்றிவிட்டு இறங்கினோம்.

மறுநாள் பத்து மணிக்கு இடிக்கிற ஆட்களோடு, தேய்க்காத சட்டை போட்டுக்கொண்டு, முன்பின் தெரியாதவர் மாதிரி வந்தார். பாய் சலாம் வைத்தார். இவர் தலையை மட்டும் அசைத்தார். நான் கொப்புளித்த கையால் டேப்பின் முனையைப் பிடித்தேன். இரண்டு தூணையும் இரண்டு முறை அளந்தார். 'ஆக்கிரமிப்பு இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். பாய் ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

"அந்த சைக்கிள் ஹேண்டில்பார் நாலு அங்குலம் வெளிய நீட்டுது. உள்ள தள்ளி நிறுத்து" என்று சொல்லிவிட்டு அடுத்த கடைக்குப் போய்விட்டார்.

எழுபதுகள் முடிவதற்குள் அவருக்கு வேறு ஊருக்கு மாற்றல் வந்தது. அன்று மாலை கடைத்தெருவில் நிறையப் பேர் சந்தோஷமாக இருந்தார்கள். நானும்தான்.

நாலைந்து வருஷம் கழித்து வேங்கிக்கால் பக்கம் ஒரு மனை வாங்கி, நான் வீடு கட்ட ஆரம்பித்தேன். மரியாதைக்கு அவருக்கு ஒரு கடிதம் போட்டேன். முன்னறை பன்னிரண்டடி வருகிறது என்று அதில் ஒரு வரி எழுதியிருந்தேன் போலிருக்கிறது. பத்து நாள் கழித்து, நல்ல வெயிலில், பாதி கட்டிய சுவருக்குப் பக்கத்தில் ஒருவர் குடை பிடித்துக்கொண்டு நின்றார். தலை முழுக்க நரைத்திருந்தது. இடது கால் லேசாக வீங்கியிருந்தது.

"வாங்க சார். சொல்லியிருந்தா பஸ் ஸ்டாண்டுக்கு வந்திருப்பேனே."

"பன்னண்டடின்னு எழுதியிருந்தியே. உள்ளளவா, வெளியளவா?"

"உள்ளளவு சார்."

"அதான. எழுதவே இல்லயே நீ" என்றார்.

ஒரு மணி நேரம் அளந்தார். முனையை நான்தான் பிடித்தேன். வடக்கு மூலை முக்கால் அங்குலம் கோணலாக இருக்கிறது என்று ஒரு வரிசைச் செங்கல்லைப் பிரிக்க வைத்தார். கொத்தனார் என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது. சாயங்காலம் எங்கள் வாடகை வீட்டில் இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு, என் பையனின் உயரத்தைக் கதவில் கோடு போட்டுக் குறித்துவிட்டு, இருங்கள் என்று சொல்லச் சொல்லக் கேட்காமல் பஸ் ஏறிப் போய்விட்டார்.

அவரை அனுப்பிவிட்டு வந்ததும் என் மனைவி கேட்டாள். "உள்ளளவா வெளியளவான்னு ஒரு கார்டு போட்டுக் கேட்டிருக்கலாமே. இதக் கேக்கவா இந்தக் காலோட மூணு பஸ் மாறி வந்தாரு?"

"அதக் கேக்க வரல" என்றேன். "என்னப் பாக்க வந்தாரு."