முட்டி கேட்கும் பெட்டி

"மறுபடியும் சிவப்பா?" என்றாள் மனைவி, நாற்காலியிலிருந்து பாதி எழுந்த நிலையில்.

"பேசாதே. இன்னும் ரெண்டு தடவை உட்கார்ந்து எழுந்திரு."

"அடுப்புல பால் இருக்குங்க."

"பால் பொங்கினா துடைச்சுக்கலாம். முட்டி போனா என்ன பண்ணுவே?"

அவள் உட்கார்ந்தாள், எழுந்தாள். எதிரே குந்தியிருந்த கணவர் ஓர் எஃகுக் கம்பியின் நுனியைப் புடவைக்கு மேலாக அவள் முட்டியில் அழுத்திப் பிடித்திருந்தார். நுனி நழுவிவிடக் கூடாது என்று அவள் எழும்போது தானும் எழுந்தார், உட்காரும்போது தானும் குந்தினார். கம்பியின் மறுமுனை, சோப்புப் பெட்டி அளவிலான ஒரு தகரப் பெட்டிக்குள் போனது. பெட்டியில் இரண்டு விளக்குகள். முட்டி நன்றாக இருந்தால் பச்சை, தேய ஆரம்பித்திருந்தால் சிவப்பு.

கர்ர்ரக் என்றது பெட்டி. சிவப்பு.

"எனக்கு வலியே இல்லையே!"

"வலி வர்றதுக்கு முன்னாடியே சொல்றதுக்குத்தானே இதைச் செஞ்சிருக்கேன்?"

"அது சரி, எழுந்திருக்கும்போது நீங்க ஏன் மூஞ்சியைச் சுளிக்கறீங்க?"

"யோசிக்கறேன்."

மாவு ஆலையில் அவருக்குக் காதுக்காரர் என்று பெயர். மெக்கானிக் வேலை. ஓடுகிற இயந்திரத்தின் பேரிங்கில் ஸ்க்ரூடிரைவர் நுனியை வைத்து, பிடியைக் காதில் ஒட்டிக்கொண்டு, "இது பத்து நாள்தான்" என்பார். பத்தாம் நாள் பேரிங் போகும். அதே ஆலையில் மூட்டை சுமந்தவர் அவருடைய அண்ணன். பத்தொன்பது வருஷம் சுமந்தார். ஒரு நாள் மத்தியானம், முதுகில் மூட்டையோடு பலகையில் ஏறும்போது முட்டி விட்டுவிட்டது. அதோடு அண்ணனின் வேலையும் போயிற்று, நடையும் போயிற்று. இரும்புக்குப் பத்து நாள் முன்னால் நாள் குறித்தவருக்குக் கூடப்பிறந்தவனின் முட்டி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்தக் கோபத்தில் ஆரம்பித்த பெட்டி. ஆறு வருஷமாகிறது.

மனைவிக்குச் சிவப்பு வந்ததில் அவருக்கு ஆச்சரியமில்லை. மச்சானுக்கும் வந்ததுதான் உறுத்தியது. மச்சான் தினமும் காலையில் மைதானத்தைப் பத்துச் சுற்று ஓடுகிறவன்.

"மாமா, உங்க பெட்டிக்குத்தான் முட்டி போயிருக்கு."

"கை நடுங்குது, அதான் கோளாறு."

அதையும் சரிசெய்தார். நடுங்கும் கையில் பிடிக்காமல், பெட்டியைத் தன் தொடையில், முட்டிக்குச் சற்று மேலே, ஒரு பெல்ட்டால் இறுக்கிக் கட்டிக்கொண்டார். இப்போது மச்சானுக்குச் சிவப்பு முன்னைவிடச் சீக்கிரமாகவே வந்தது. சத்தம் சன்னமாக இருக்கிறதோ என்று பெட்டியின் கேட்கும் திறனைக் கூட்டினார். மச்சான் முழுதாக எழுவதற்குள்ளேயே சிவப்பு எரிந்தது. பச்சை விளக்குதான் பழுதோ என்று பேட்டரியில் தொட்டுப் பார்த்தார். பளிச்சென்று எரிந்தது.

பேடன்ட் விண்ணப்பம் எழுதித் தரும் முகவர் அம்மாள் போனில் இரண்டே விஷயம் சொன்னார்.

"ஒண்ணு, விண்ணப்பம் போடற வரைக்கும் விஷயம் வெளியே போகக் கூடாது. யாருக்குச் சோதனை பண்ணினாலும், ரகசியம் காப்பேன்னு கையெழுத்து வாங்கிடுங்க. ரெண்டாவது, நிறைய பேருக்குச் சோதிச்சுப் பார்த்த முடிவு வேணும்."

அவர் மனைவியிடமிருந்தே ஆரம்பித்தார்.

"இருபத்திரண்டு வருஷமா உங்க குறட்டையை வெளியே சொல்லாம இருக்கேனே, அதுக்குக் கையெழுத்து வாங்கினீங்களா?" என்றாள் அவள். ஆனாலும் போட்டாள்.

மறுநாள் ஆலையில், சாப்பாட்டு நேரத்தில், மூட்டை சுமப்பவர்கள் நாற்பத்தைந்து பேரையும் கிடங்குக்குப் பின்னால் வரிசையில் நிறுத்தினார். மூன்று நாள் பிடித்தது. ஒவ்வொருவரும் கையெழுத்துப் போட்டு, நாற்காலியில் ஐந்து முறை உட்கார்ந்து எழுந்தார்கள். காதுக்காரரும் கூடவே எழுந்து குந்தினார். நாற்பத்தைந்தும் சிவப்பு.

"காதண்ணே, எத்தனை நாள் தாங்கும்?" என்றார் மேஸ்திரி. சுமப்பவர்களில் மூத்தவர், வாட்டசாட்டமான ஆள். குரல் இறங்கியிருந்தது.

"சத்தத்தை வச்சுப் பார்த்தா... ஒரு வருஷம்."

அவர் சொல்லி ஒரு பேரிங்கூடப் பிழைத்ததில்லை என்பது எல்லோருக்கும் தெரியும். மேஸ்திரி தோளிலிருந்த துண்டை உதறிக் கீழே விரித்து உட்கார்ந்துவிட்டார். பிறகு மற்ற நாற்பத்துநான்கு பேரும் உட்கார்ந்தார்கள். லாரிகள் வாசலில் நின்றன.

மேலாளர் ஓடி வந்தார்.

"ஏன்யா யாரும் மூட்டை தூக்கல?"

"சொல்ல முடியாது சார்," என்றார் மேஸ்திரி.

"ஏன் சொல்ல முடியாது?"

"சொல்ல மாட்டோம்னு கையெழுத்துப் போட்டிருக்கோம்."

மேலாளர் அடுத்தவரைப் பார்த்தார். "நீ சொல்லு."

"நானும் போட்டிருக்கேன் சார்."

ரகசியமாகச் சங்கம் கட்டுகிறார்கள் என்று மேலாளர் முடிவு கட்டினார். விஷயம் முற்றுகிறதே என்று காதுக்காரர் முன்னால் வந்தார்.

"சார், நான் விளக்கமா சொல்றேன். முதல்ல இதுல ஒரு கையெழுத்து..."

மேலாளரும் போட்டார். போட்ட பிறகு அவருக்கும் சோதனை நடந்தது. அவர் வாழ்நாளில் தூக்கியதிலேயே கனமானது பதிவேடுதான். அவருக்கும் கர்ர்ரக். சிவப்பு.

மேலாளர் தன் முட்டியைத் தானே இரண்டு கையாலும் பொத்திக்கொண்டார். பயம் போனதும் கோபம் வந்தது.

"இதோ பாரு. இது கருவியா, கண்கட்டு வித்தையா? வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள்ள, விண்ணப்பம் போட்டதுக்கு ரசீது கொண்டா. இல்லைன்னா டூல் பாக்ஸைத் தூக்கிட்டு வீட்டுக்குப் போ."

வெள்ளிக்கிழமை மத்தியானம் அவர் பெட்டியும் கையெழுத்துக் கட்டுமாகக் கிளம்பினார். மனைவி வாசல்வரை வந்தாள்.

"ஒருவேளை பெட்டி தப்பா இருந்தா?"

"பெட்டி தப்பா இருக்காது. நான் வாழ்க்கையில சத்தத்தைத் தப்பாக் கேட்டதே இல்லை."

"வேலை போயிடுச்சுன்னா?"

"பரவாயில்லை. அண்ணன் மாதிரி இன்னொருத்தன் விழக் கூடாது. இதை முடிக்காம நான் ஓயறதா இல்லை."

முகவர் அலுவலகம் மூன்றாவது மாடியில். லிஃப்ட் கிடையாது. கைப்பிடியைப் பற்றிக்கொண்டு, ஒவ்வொரு படியிலும் பல்லைக் கடித்துக்கொண்டு ஏறினார். மேலே கதவுக்குப் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்த காவலாளி, ஆள் கண்ணில் படும் முன்பே எழுந்து கதவைத் திறந்து வைத்திருந்தார்.

"மெதுவா வாங்க சார். நீங்க ஏறி வர்றது ரெண்டாவது மாடியிலேருந்தே கேக்குது."

முகவர் அம்மாள் காகிதங்களைப் புரட்டினார்.

"நாற்பத்தெட்டு பேர். நாற்பத்தெட்டும் சிவப்பு."

"ஆமாம்மா."

"எல்லாருக்கும் சிவப்பு எரிஞ்சா, அது கருவி இல்லைங்க. வெறும் விளக்கு."

காதுக்காரர் பெட்டியை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"என் பேரைப் போட்டு இதை அனுப்ப முடியாது. ஒரே ஒரு பச்சை காட்டுங்க. இப்பவே எழுதி அனுப்பிடறேன். நாலு மணிக்கு நான் கிளம்பணும்."

மணி மூன்றே முக்கால். முகவர் அம்மாளுக்கே வைத்துப் பார்த்தார். சிவப்பு. அந்த அம்மாள் பேனாவை மூடப் போனார்.

கதவருகே காவலாளி தொண்டையைக் கனைத்தார்.

"சார், என் இடது காலைப் பாருங்களேன். பன்னிரண்டு வருஷமா ஒரு நாள்கூட வலின்னு வந்ததில்லை. இது மேல எனக்கு அவ்வளவு நம்பிக்கை."

காதுக்காரருக்கு உயிர் திரும்பியது. நாற்காலியை இழுத்துப் போட்டார். கையெழுத்து வாங்கினார். பெல்ட்டை இன்னும் ஓர் ஓட்டை தள்ளி இறுக்கினார். கால்சட்டைக்கு மேலாகக் கம்பியை வைத்து அழுத்தும்போதே முகம் மலர்ந்தது.

"ஆகா, என்ன உறுதி! இரும்பு மாதிரி இருக்கு! எழுந்திரிங்க."

காவலாளி நாற்காலியின் கைகளை ஊன்றி எழுந்தார். காதுக்காரரும் எழுந்தார். காவலாளி உட்கார்ந்தார். காதுக்காரரும் குந்தினார். மூன்றாவது முறை. நான்காவது முறை.

கர்ர்ரக். சிவப்பு. இதுவரை எந்த முட்டியிலும் இவ்வளவு பலமாகக் கேட்டதில்லை.

காதுக்காரர் கம்பியை எடுத்துக் கீழே வைத்தார். பிறகு, வேலை போனாலும் போகட்டும், உண்மையைச் சொல்லியே ஆக வேண்டும் என்று காவலாளியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அண்ணே, மனசைத் திடப்படுத்திக்குங்க. உங்க இடது முட்டி ரொம்ப மோசம். ஒரு வருஷம்கூடத் தாங்காது."

காவலாளி தன் காலைப் பார்த்தார். அவரைப் பார்த்தார். பிறகு குனிந்து, கால்சட்டையை மெதுவாகத் தொடைவரை சுருட்டினார்.

உள்ளே ஓர் எஃகுக் குழாய். முட்டி இருக்க வேண்டிய இடத்தில் கறுப்பு பிளாஸ்டிக் மூட்டு, அதில் நான்கு திருகுகள்.

முகவர் அம்மாளின் பேனா அந்தரத்தில் நின்றது. தொடையில் கட்டிய பெட்டியில் சிவப்பு விளக்கு இன்னும் அணையவில்லை.

"அம்மா, நீங்க தைரியமா எழுதி அனுப்புங்க, பெட்டி நல்லாத்தான் வேலை செய்யுது," என்றார் காவலாளி. "சாரோட முட்டியை அம்பது தடவையும் தப்பில்லாமச் சொல்லியிருக்கு."