வல்லை வெளியில் இருபத்தொரு நாள்

என் பெயர் பஞ்சலிங்கம் அருட்பிரகாசம். வயது இருபத்தெட்டு. இருப்பது பாரிஸுக்கு வெளியே, ஐந்து பேர் முறைவைத்துப் படுக்கும் ஓர் அறையில். இனி முக்கியமான விஷயம். கோமாரி நோயை எதிர்த்து நின்ற தீரர்களுக்கு இந்த உலகம் சிலை வைப்பதென்றால், முதற்சிலையை வல்லை வெளியில் சீவரத்தினம் ஐயாவுக்குத்தான் வைக்கவேண்டும்.

தொண்ணூற்றிரண்டாம் ஆண்டு. மாட்டின் வாயிலும் குளம்பிலும் புண்வைக்கும் அந்த நோய் யாழ்ப்பாணத்தில், வலிகாமப் பகுதியில் தலைகாட்டியது. அதை வடமராட்சிக்குள் விடுவதில்லை என்று 'உயர்மட்டக் கூட்டம்' தீர்மானித்தது. கூட்டம் நிலத்துக்கடியில், பங்கருக்குள் நடந்ததால், அது எவ்வளவு உயரமான மட்டம் என்று யாரும் கேட்கக்கூடாது. இரண்டுக்கும் இடையிலுள்ள வல்லைப் பாலத்துக்கு வலிகாமப் பக்கம் ஓர் ஓலைக்கிடுகுக் கொட்டில் எழுந்தது. உள்ளே ஒரு மேசை, ஒரு முத்திரை, சீவரத்தினம் ஐயா.

ஆமியின் ஷெல்லடிக்குத் தப்பி மயிலிட்டியிலிருந்து ஓடி, பிறகு புன்னாலைக்கட்டுவனிலிருந்தும் ஓடிய என் அப்பா பஞ்சலிங்கம், சிவப்பி என்ற பசுவோடு அந்த மேசைக்கு முன்னால் வந்து நின்றார். மனைவி குணலட்சுமி பாலத்துக்கு அந்தப் பக்கம், உடுப்பிட்டியில் உறவினர் வீட்டில். பிள்ளை பிறந்து நாற்பது நாள். தாய்க்குப் பால் வற்றிவிட்டது. கடைகளில் பால்மா இல்லை. ஊரில் கறவை வைத்திருந்தவர்களுக்கே பால் காணாது. சிவப்பி பாலம் தாண்டினால் பிள்ளை தப்பும்.

"மாடு இங்கை எத்தினை நாளா நிக்குது?"

"ரெண்டு நாள் ஐயா. அதுக்கு முதல் புன்னாலைக்கட்டுவன்."

"அங்கை?"

"ஒம்பது நாள். பிறகு ஷெல் அடிக்கத் தொடங்கிட்டாங்கள்."

"விதிப்படி மாடு இருபத்தொரு நாள் ஒரே இடத்திலை நிக்கவேணும். அதுக்குள்ளை நோய் காணாட்டில்தான் பாலம் தாண்டலாம்."

"இங்கையும் ஷெல் வருது ஐயா."

"ஷெல் எங்கடை பகுதி இல்லை."

"நிண்டால் மாடு செத்துப்போமே!"

"செத்த மாட்டுக்கு வேறை படிவம்."

பஞ்சலிங்கம் கெஞ்சிப் பார்த்தார். "பாலை எண்டாலும் கொண்டுபோகட்டோ? காய்ச்சித்தான் கொண்டுபோவன்."

"காய்ச்சினதுக்கு ஆர் சாட்சி?"

"நான்தான்."

"நீர் மாட்டுக்காரன். மாட்டுக்காரன்ரை சாட்சி செல்லாது."

அன்றே பாலம் தாண்டிப் போன ஒருவரிடம் பஞ்சலிங்கம் சேதி சொல்லி அனுப்பினார். மறுநாள் குணலட்சுமி, பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு, யாரோ ஒருவரின் சைக்கிள் கரியரில் வந்து இறங்கினாள். மாடு போக முடியாவிட்டால் பிள்ளை வரவேண்டியதுதானே?

"இதென்ன?" என்றார் சீவரத்தினம் ஐயா.

"பிள்ளை ஐயா."

ஐயா விதிகளை முன்னும் பின்னும் புரட்டினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு இன்னொரு தரம் புரட்டினார்.

"குளம்பு இருக்கோ?"

"ஐயோ, இல்லை!"

"அப்ப வரலாம்."

மாடு ஷெல் விழாத பக்கம் போகக்கூடாது. பிள்ளை ஷெல் விழும் பக்கம் தாராளமாக வரலாம். இத்தனை தெளிவான விதியை நான் இன்றுவரை எங்கும் கண்டதில்லை.

"உந்தாளுக்குப் பிள்ளை குட்டியள் இல்லையோ?" என்றாள் குணலட்சுமி.

"மெல்லக் கதையப்பா. இன்னும் பதினெட்டு நாள் உவற்றை முகத்திலைதான் முழிக்கவேணும்."

கொட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு தறப்பாள் கூரை கட்டி, மூவரும் மாட்டோடு குடியிருந்தார்கள். பிள்ளை பால் குடித்துத் தேறியது. ஐயா காலையும் மாலையும் வந்து சிவப்பியின் வாயைத் திறந்து பார்த்துக் கணக்கெழுதினார். பிள்ளை ஒருநாள் அவரைப் பார்த்து வாய் திறந்தது. "இது எனக்குரியதில்லை" என்று கண்ணியமாகத் திரும்பிவிட்டார்.

பதினாலாம் நாள் காலை, ஷெல் வல்லை வெளிக்குள்ளேயே விழத் தொடங்கியது. குணலட்சுமி பிள்ளையோடு கொட்டிலுக்குப் பின்னால் இருந்த பங்கருக்குள் பாய்ந்தாள். ஐயா அவளுக்கு முதலே, பதிவேட்டோடு உள்ளே இருந்தார். பஞ்சலிங்கம் கட்டையில் இருந்த கயிற்றை அவிழ்க்கப் போனார்.

"அவிழாதையும்!" ஐயா உள்ளிருந்து கத்தினார். "மாடு இடம் மாறினால் முதலாம் நாளிலை இருந்து எண்ணவேணும்!"

"இஞ்சாருங்கோ, விட்டிட்டு ஓடிவாங்கோ!" என்று குணலட்சுமி கத்தினாள்.

பஞ்சலிங்கம் கயிற்றைப் பார்த்தார். மீண்டும் முதலாம் நாள் என்றால், அந்த வெளியில் இன்னும் மூன்று கிழமை. விட்டுவிட்டு ஓடினால் மாடு வெருண்டு அறுத்துக்கொள்ளும். அவர் ஓடவில்லை. சிவப்பியின் கழுத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு வெளியில் நின்றார். ஒரு சிறு துண்டு அவருடைய தோளைக் கிழித்தது.

எல்லாம் ஓய்ந்ததும் ஐயா ஓடிவந்தார். முதலில் முடிச்சைப் பார்த்தார்.

"அசையேல்லை. கெட்டிக்காரன்!" என்று பஞ்சலிங்கத்தின் தோளில் தட்டினார். இரத்தம் வடிந்த அதே தோளில்.

இருபத்தோராம் நாள் முத்திரை குத்தப்பட்டது. என்ன அருமையான சான்றிதழ்! நிறம், நெற்றிச் சுட்டி, இடக்கொம்பின் வளைவு, பல் எட்டு, நின்ற இடம், நின்ற நாட்கள். அந்த ஆண்டு மாட்டைப் பதிய ஒரு மேசை இருந்தது. பிறந்த பிள்ளையைப் பதிய ஒரு மேசையும் இருக்கவில்லை. இங்கே அகதி விண்ணப்பத்துக்கு, நான் பிறந்ததற்கும் இருந்ததற்கும் ஒரு கடுதாசி கேட்கிறார்கள். அடுத்த மாதம் விசாரணை.

தொண்ணூற்றைந்தில் நெல்லியடியில் எங்கள் மாட்டை வாங்கியவரோ, அவருடைய ஆட்களோ இதை வாசித்தால், மாட்டோடு தந்த அந்தச் சான்றிதழைத் தயவுசெய்து அனுப்பிவையுங்கள். 'மாட்டுடன் தங்கியோர்' என்ற இடத்தில் மூன்றாவதாக ஒரு பெயர் இருக்கும். அது நான்தான்.