புலி எங்கே குழு

ஒரு காட்டில் ரோடு வர்றதுக்கு முன்னாடியே சிக்னல் வந்துடுச்சு. எல்லார்கிட்டயும் செல்போனும் வந்துடுச்சு.

அங்க ஒரு ஆள்காட்டிக் குருவி. புலியைப் பார்த்தா கத்தி ஊரைக் கூட்டுறதுதான் அதுக்கு வேலை. தொண்டை கட்டிப்போனதால செல்போன்ல ஒரு குழு ஆரம்பிச்சுது. பேரு 'புலி எங்கே'. மொத்தம் ஏழு பேர். புலி இருக்கிற இடத்தைத் தவிர வேற எதுவும் போடக்கூடாது. ரெண்டு வருஷமா அந்த ஏழு வீட்டுலயும் ஒரு சாவு விழல.

குரங்கு மாமாவை அட்மின் ஆக்கினதுதான் தப்பு. கேட்டவங்க, கேக்காதவங்க எல்லாரையும் சேர்த்துவிட்டாரு. ஆயிரம் பேர் ஆயிடுச்சு.

மயில் தினமும் தோகை போட்டோவோட காலை வணக்கம் போட்டுச்சு. நரி ஒரு ஃபார்வர்டு போட்டுச்சு: "வேப்பிலை தின்ற மானைப் புலி தொடாது. பத்து பேருக்கு அனுப்பவும்."

"இது பொய்"னு ஆள்காட்டி எழுதுச்சு.

"நீ என்ன டாக்டரா?"ன்னு நரி கேட்டுச்சு. அதுக்கு நாப்பது பேர் கைதட்டுனாங்க.

ஒரு நாள் மான் கேட்டுச்சு: "அக்கா, தண்ணியில்லாம பால் வத்திப்போச்சு. குட்டி பொறந்து நாலு நாள்தான் ஆகுது. ஓடைக்குப் போகலாமா?"

"போகாத. புலி அங்கதான், மூங்கில் புதர்ல"ன்னு ஆள்காட்டி உடனே போட்டுச்சு.

அன்னிக்குப் பாத்து காட்டுப்பன்னியோட பிள்ளைங்களுக்குப் பொறந்தநாள். ஒரே பிரசவத்துல பதினொண்ணு. ஒவ்வொண்ணுக்கும் தனித்தனியா வாழ்த்து வந்து விழுந்துச்சு. மான் பதிலைத் தேடித் தேடிப் பார்த்துச்சு, கேக்கும் பலூனும்தான் கண்ணுல பட்டுச்சு. குட்டியைக் கூட்டிக்கிட்டுக் கிளம்பிடுச்சு.

புலி மூங்கில் புதர்லதான் இருந்துச்சு. கையில போன். குரங்கு மாமா புலியையும் சேர்த்துவிட்டிருந்தாரு.

அப்பதான் முயல் ஒரு வரி போட்டிருந்துச்சு: "புலின்னா என்ன, பெரிய பூனைதானே."

புலி வேர்க்க வேர்க்க டைப் பண்ணுச்சு. "யாருடா நீ? எங்க பரம்பரை தெரியுமா?"

"பரம்பரை இருக்கட்டும்ணே, பாயிண்டுக்கு வாங்க."

மானும் குட்டியும் வயிறு முட்டக் குடிச்சுட்டுத் திரும்புனாங்க. குட்டி புலியோட வாலை மிதிச்சிடுச்சு. புலி வாலை இழுத்துக்கிட்டு, "பாத்துப் போம்மா"ன்னுச்சு. தலையை நிமிர்த்தல.

மறுநாளும் மான் குட்டியோட ஓடைக்கு வந்துச்சு. ஆள்காட்டி மரத்துமேல கடுப்புல இருந்துச்சு.

"நான் விலகுறேன்டி. பழைய ஏழு பேரை வெச்சுத் தனிக் குழு. அங்க உருப்படியான பேச்சு மட்டும்தான்."

"ஐயோ அக்கா, வேணாம்! அங்க பாரு."

முயல் தூங்கிடுச்சு போல. பேச்சு அடங்கியிருந்துச்சு. புலி போனைக் கீழ வெச்சுட்டு சோம்பல் முறிச்சுது. மூக்கைத் தூக்கி மோந்து பார்த்துச்சு. குட்டி அம்மா காலுக்கடியில ஒடுங்குச்சு.

"ஏதாவது போடுக்கா, சீக்கிரம்!"

ஆள்காட்டி பொறந்ததுலேர்ந்து ஒரு பொய் சொன்னதில்ல. குட்டியைப் பார்த்துச்சு. அலகால தட்டுச்சு:

"புலிக்கு நீந்தத் தெரியாது."

புலி போனை எடுத்துக்கிட்டுத் திரும்பவும் உக்காந்துச்சு.

நீதி: நல்ல குழுவுல இருந்தா புலி எங்கேன்னு தெரியும். கெட்ட குழுவுல புலியையும் சேர்த்துவிட்டா, தெரிஞ்சுக்கவே வேண்டாம்.