பகலில் புகைந்த அடுப்பு

அஸ்ஸலாமு அலைக்கும்.

பினாங்கில் இருக்கும் அன்புத் தம்பி இஸ்ஹாக்குக்கு அண்ணன் அப்துல் கனி எழுதுவது. இறைவன் அருளால் இங்கே நானும் உன் அண்ணி சப்பியாவும் இரண்டு ஆடுகளும் சுகம். ஒரு ஆட்டுக்கு மட்டும் கொஞ்சம் இருமல். அங்கே நீயும் உன் வீட்டாரும் இருமல்கூட இல்லாமல் சுகமாக இருக்க துஆ செய்கிறேன். நிற்க.

நல்ல சேதி சொல்லத்தான் உட்கார்ந்தேன். ஆனால் அதற்கு முன்னால் உன்னைத் திட்டிவிடுகிறேன், இல்லாவிட்டால் கை ஓடாது. நடந்த எல்லாவற்றுக்கும் மூலகாரணம் நீதான். என் மகன் ராஸி அரசாங்கத்தை எதிர்த்து மலையில் துப்பாக்கியோடு இருந்த ஆறு வருஷமும் அவன் பினாங்கில் உன்னோடு இருப்பதாகச் சொல்லித்தான் நாங்கள் தலை தப்பினோம். நீயும் மாசம் தவறாமல் அவன் பேரில் கடிதம் போட்டாய். சிப்பாய்கள் வீட்டைச் சோதிக்க வரும்போதெல்லாம் அதை எடுத்து நீட்டுவேன். அவர்கள் கடிதத்தைப் படிக்கவே மாட்டார்கள், ஸ்டாம்பைப் பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள். முப்பத்தோரு வருஷம் தபால்காரனாக இருந்த எனக்கு ஸ்டாம்பின் அருமை அப்போதுதான் தெரிந்தது. அதற்கெல்லாம் நன்றி. ஆனால் பையன் கப்பலில் இருக்கிறான், மரம் அறுக்கிறான் என்று ஏதாவது எழுதித் தொலைத்திருக்கக் கூடாதா? காப்பிக் கடையில் வேலை என்று எழுதினாய். அதுவும் ராஸி கை காப்பிக்கு வரிசை நிற்கிறது என்று எழுதினாய்.

ஒப்பந்தம் ஆகி, பையன்கள் மலையிலிருந்து இறங்கி வந்து, துப்பாக்கிகளை ஒப்படைத்து, எல்லாம் முடிந்த பிறகு, இறங்கி வந்தவர்களுக்குத் தொழில் வைத்துக்கொடுக்கும் உதவித் திட்டத்திலிருந்து ரீனா என்று ஒரு அம்மாள் வீட்டுக்கு வந்தாள். சிரித்த முகம். உங்கள் மகனுக்கு என்ன தொழில் தெரியும் என்று கேட்டாள். கையில் பேனா, தாள், வாசலில் வண்டி. எனக்குப் பழைய சோதனை ஞாபகம் வந்துவிட்டது. வாய் தன்பாட்டில், "பினாங்குல காப்பிக் கடைல ஆறு வருஷம் இருந்தாம்மா" என்று சொல்லிவிட்டது. அவள் அப்படியே எழுதிக்கொண்டாள். ராஸி என்னைப் பார்த்த பார்வையை இன்றைக்கும் நான் மறக்கவில்லை. அடுத்த மாசம் ஒரு லாரி வந்தது. விறகடுப்பு, பெரிய கெட்டில், காப்பி வடிகட்டும் துணிப்பை, நாலு டஜன் தம்ளர், பெஞ்சுகள், 'ராஸி காப்பிக் கடை' என்று சிவப்பு எழுத்தில் ஒரு பலகை. ஆறு வருஷமாக ஓடைத் தண்ணீர் குடித்தவன் அந்தத் துணிப்பையைத் தூக்கிப் பார்த்து, "அபு, இதைத் தலைல போடணுமா?" என்று பெற்ற அப்பனான என்னையே கேட்டான்.

அவன் இறங்கி வந்த வாரம் பள்ளிவாசல் முற்றத்தில் ஊர்கூடி எல்லாருக்கும் குளிர வைக்கும் பெசிஜுக் சடங்கு செய்தோம். மஞ்சள் சோறு வைத்து, இலைக்கொத்தால் தண்ணீர் தெளித்து, உடம்பிலும் மனசிலும் இருக்கிற உஷ்ணமெல்லாம் இறங்கட்டும் என்று ஓதினோம். மற்ற பையன்கள் சொட்டச் சொட்ட நின்றார்கள். நம் ஆள் தூணுக்குப் பின்னால், சுவரில் முதுகைக் கொடுத்து நின்றான். ஒரு சொட்டுகூட அவன்மேல் படவில்லை. "அவனுக்கு மட்டும் குளிரலை" என்று உன் அண்ணி அன்றைக்குப் பிடித்த பாட்டை அப்புறம் நிறுத்தவே இல்லை.

கடைக்கு வருகிறேன். இடம் பார்க்கவும் கட்டவும் நாங்கள் உதவிக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டான். மூன்று வாரம் கழித்து, "கடை திறந்தாச்சு அபு" என்றான். நானும் புதுச் சட்டை போட்டுக்கொண்டு போனேன். ரோட்டில் அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்கும் நடந்தேன். கடையைக் காணோம். இந்த வட்டாரத்தில் நான் கண்டுபிடிக்காத வீடு கிடையாது, பேரே இல்லாமல் 'மாமரத்து வீடு' என்று எழுதி வந்த கடிதத்தைக்கூடச் சேர்த்தவன். சொந்த மகன் கடையைக் கண்டுபிடிக்க முடியாமல் வாழைத் தோப்பு ஓரமாக மூச்சு வாங்க நின்றேன். பக்கத்து வாழைமரம், "உள்ள வாங்க அபு" என்றது.

தகரக் கூரைக்குப் பச்சைச் சாயம், அதன்மேல் வாழை இலை. பின்பக்கம் மூன்று வழி, ஓட வேண்டியிருந்தால் ஓட. பெயர்ப் பலகை உள்பக்கம் பார்த்து மாட்டியிருந்தது. பெஞ்சுக்கும் பெஞ்சுக்கும் ஐந்து தப்படி. ஏண்டா இவ்வளவு தூரம் என்றால், ஒரு குண்டு விழுந்தால் எல்லாரும் போய்விடக் கூடாதாம். காப்பி கேட்டேன். ஆறிப்போன காப்பி. பொழுது விடியுமுன் அடுப்பை மூட்டிக் காய்ச்சி, தண்ணீர் ஊற்றி அணைத்துவிடுகிறான். பகலில் அடுப்பு எரிந்தால் புகை தெரியுமாம். அவனுக்கு வாடிக்கையாளர்கள் இரண்டே பேர், கூட மலையில் இருந்தவர்கள். தூரத்திலிருந்து குருவி மாதிரி விசிலடித்துவிட்டு வருவார்கள், பச்சைத் தண்ணியாக இருக்கிற காப்பியைக் குடிப்பார்கள், போகும்போது கால் தடத்தை இலையால் அழித்துவிட்டுப் போவார்கள். அப்புறம் அந்தக் கடைக்கு எப்படிப் பாதை விழும், நீயே சொல்லு.

இதில் என்ன குடி முழுகிப்போச்சு என்று கேட்பாய். நெல் மில் வைத்திருக்கிற ஹாஜி முக்தாரின் மகள் யுஸ்னிதாவை இவனுக்குக் கேட்டிருந்தோம். பெண்ணுக்குச் சம்மதம். முக்தார் என்னிடம் நேராகவே சொன்னார்: "மலைல என்ன பண்ணான்னு நான் கேக்க மாட்டேன், கனி. நான் போய் உக்காந்து சூடா ஒரு காப்பி குடிக்கணும். அப்பிடி ஒரு கடையை நோன்பு வர்றதுக்குள்ள காட்டச் சொல்லுங்க. பொண்ணு உங்க வீட்டுக்குத்தான்." நியாயமான மனுஷன். சொன்னபடியே தேடியும் வந்தார். ஒரு தடவை இல்லை, மூன்று தடவை. மோட்டார் சைக்கிளில் போவார், திரும்புவார், போவார். மூன்றாம் தடவை கடைக்கு எதிரிலேயே வண்டியை நிறுத்தி, கடையும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை, பொய்க்காரப் பயல் என்று சத்தமாகவே சொல்லிவிட்டுப் போனாராம். எனக்கு எப்படித் தெரியும் என்கிறாயா? அன்று மத்தியானம் நம் மகன் வந்து எனக்கு அறிக்கை கொடுத்தான். "ஒரே ஆள். ஆயுதம் இல்லை. நாலு நிமிஷம் நின்னாரு. நம்மளக் கவனிக்கல."

அதைச் சொல்லும்போது அவன் முகத்தில் ஒரு பெருமை வந்தது பார், எனக்குத் திட்டுவதா அழுவதா என்று தெரியவில்லை. திட்டினேன். "கால் எழும்பல அபு. போகணும்னுதான் நெனச்சேன்" என்றான். அப்புறம், நான் பேசாமல் மலையிலேயே ஒரு குடிசை போட்டுக்கொண்டு இருந்துவிடுகிறேனே என்றான். ஆறு வருஷம் ஒவ்வொரு வெடிச் சத்தத்துக்கும் வயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தவள் உன் அண்ணி. சமாதானம் வந்த பிறகும் பையன் கை நழுவிப் போவானோ என்று எனக்குப் பயம் வந்துவிட்டது, இஸ்ஹாக்.

நோன்புக்குப் பத்து நாள் இருக்கும்போது யுஸ்னிதா சந்தையில் என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். "மாமா, எங்க மில்லுல நெல்லு காயப்போடுற களத்துலேர்ந்து உங்க வாழைத் தோப்பு தெரியும். நாளைக்குப் பத்து மணிக்கு அடுப்பை மூட்டச் சொல்லுங்க. புகை வந்தா எங்க அப்பாவை நான் பாத்துக்கறேன். வரலைன்னா நான் புரிஞ்சுக்கறேன்னு சொல்லுங்க." எத்தனையோ கல்யாணக் கடிதம், சாவுக் கடிதம் கொண்டுபோன கால்தான். அன்றைக்கு இந்த வாய்ச் சேதியோடு தோப்பை இரண்டு தடவை சுற்றிவிட்டுத்தான் உள்ளே போனது.

மறுநாள் பத்து மணி. விறகு அடுக்கியாச்சு. லைட்டரைக் கையில் வைத்துக்கொண்டு அடுப்பு முன்னால் உட்கார்ந்திருக்கிறான். நான் பெஞ்சில், அதாவது ஐந்து தப்படி தள்ளி. பத்தே கால் ஆச்சு. அப்போதுதான் சொன்னான், இத்தனை நாளில் முதல் தடவையாக. "ஒரு நாள் பசி தாங்காம மத்தியானத்துல சோறு வச்சோம் அபு. அந்தப் புகையில மூணு பேர் போயிட்டாங்க. பத்த வச்சது நான்தான்." எழுந்து போய் அவன் பக்கத்தில், ஒட்டி உட்கார்ந்துகொண்டேன். குண்டு விழுந்தால் விழட்டும் என்று.

பற்றவைத்தான். விறகுக்குக் கீழே போட்டிருந்தது ஈரத் தேங்காய் மட்டை. புகை என்றால் அப்படி ஒரு புகை! தோப்பே தெரியவில்லை. பள்ளிவாசல் முரசை யாரோ அடிக்கத் தொடங்கிவிட்டார்கள். தீ என்று கொஞ்சம் பேர், சண்டை திரும்ப வந்துவிட்டது என்று கொஞ்சம் பேர், ஊரே திரண்டு ஓடி வருகிறது. முதல் ஆளாக, மில் வாளியைத் தூக்கிக்கொண்டு ஹாஜி முக்தார். இத்தனை நாளும் கண்ணில் படாத கடையைப் புகையைப் பிடித்துக்கொண்டே வந்து கண்டுபிடித்து, வாளித் தண்ணீரை அப்படியே ஊற்றினார். அடுப்பில் பாதி, ராஸி தலையில் பாதி.

கூட்டம் ஒரு எட்டு பின்வாங்கியது. மலையிலிருந்து வந்தவன் தலையில் தண்ணீரைக் கொட்டினால் என்ன செய்வானோ? அவன் முகத்தை வழித்துவிட்டு, "உக்காருங்க ஹாஜி, காப்பி போடறேன்" என்றான். உன் அண்ணி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து அவன் தலையைத் தொட்டுப் பார்த்தாள். "நனைஞ்சுட்டான், பெசிஜுக் ஆயிடுச்சு" என்று ஓவென்று அழுதாள். ஊர்த் தலைவரும் விடவில்லை, ஒரு பிடி அரிசி கொண்டுவரச் சொல்லி அவன்மேல் தூவி ஓதிவிட்டார். திரும்ப அடுப்பு மூட்டி, திரும்பப் புகைந்து, ஊருக்கே காப்பி. முக்தார் ஒரு வாய் குடித்துவிட்டு வெகுநேரம் யோசித்தார். "காப்பி கண்றாவியா இருக்கு. ஆனா சூடா இருக்கு" என்றார். வாக்கு மாறாத மனுஷன். எனக்கு நெஞ்சில் ஆறு வருஷமாக உட்கார்ந்திருந்தது அன்றைக்குத்தான் இறங்கியது, தம்பி.

ஆகவே, நோன்புப் பெருநாள் கழிந்து பதினைந்தாம் நாள் கல்யாணம். நீ வராமல் நடக்காது. வரும்போது அவனுக்குக் காப்பி போடச் சொல்லிக்கொடுக்கத் தெரிந்த யாரையாவது கூட்டிவா, நீ எழுதிய பொய்யை நீயே நிஜமாக்கு. போனில் சொல்லலாம்தான், ஆனால் கல்யாணச் சேதியைத் தபாலில் சொல்வதுதான் எனக்கு மரியாதை. இந்தக் கடிதத்தை ராஸி கையிலேயே கொடுத்து அனுப்புகிறேன். அவன் இப்போது முழுக்க முழுக்க ஊர் ஆள், கவலைப்படாதே. உன் மனைவிக்கு எங்கள் ஸலாம், பிள்ளைகளுக்குத் தலையில் கை வைத்து எங்கள் துஆ.

அண்ணன்,
அப்துல் கனி

பின்குறிப்பு: மேலே இருப்பதை எழுதி இரண்டரை மாசம் ஆகிறது. கல்யாணம் முடிந்துவிட்டது. நீ வரவில்லை என்று பந்தல் முழுக்க உன்னைத் திட்டித் தீர்த்தேன், மன்னித்துவிடு. கடிதத்தை எந்தத் தபால் நிலையத்தில் போட்டாய் என்று நேற்றுத்தான் ராஸியைக் கேட்டேன். ஆற்றங்கரை மூங்கில் புதரில், மூன்றாவது மூங்கில் பொந்தில் என்றான். மலையில் இருந்தபோது கடிதமெல்லாம் அதில்தான் போகுமாம், ஒன்றுகூடத் தொலைந்ததில்லையாம். தபால்காரன் மகன்! "தீன் இன்னும் வந்து எடுக்கலையா?" என்று என்னையே கேட்கிறான். மலைக்குக் கடிதம் எடுத்துப்போய்க்கொண்டிருந்த அந்தத் தீன் இப்போது டவுனில் ரொட்டி சுட்டுக்கொண்டிருக்கிறான், அவனுக்கும் உதவித் திட்டம்தான். அந்த மூங்கிலுக்கு இனிமேல் யாரும் வர மாட்டார்கள் என்று நினைத்தபோது கோபமும் வந்தது, நிம்மதியாகவும் இருந்தது. கடிதத்தைப் பொந்திலிருந்து எடுத்து வந்துவிட்டேன், தபால் நிலையத்தில் இதை நானே நடந்து போய்ப் போடுகிறேன். கிடைத்தவுடன் புறப்பட்டு வா. பலகை இன்னும் உள்பக்கம்தான் பார்க்கிறது. ரோட்டில் யாரையும் கேட்காதே, புகையைப் பார்த்து வந்துவிடு.