அம்பாசமுத்திரத்து ஆசாரியின் யானை

உண்மையைக் கேட்டே தீருவது என்று முடிவு செய்தேன். உலகத்தைப் பற்றிய உண்மை அல்ல. என் யானையைப் பற்றிய உண்மை.

பாளையங்கோட்டைச் சர்க்கார் கச்சேரி வேலையை விட்டு வந்தபின் உளி பிடித்தவன் நான். இதுவரை செதுக்கியதெல்லாம் பார்த்துச் செய்தது. கோயில் தூணைப் பார்த்து ஒரு கிளி. மாமனார் வீட்டுப் பெட்டகத்தைப் பார்த்து ஒரு தாமரை. யானை அப்படியில்லை. என் மண்டையிலேயே பிறந்தது. தாமிரபரணியில் குளிக்கிற யானை. பாதி உடம்பு தண்ணீருக்குள். முதுகும் தலையும் தும்பிக்கையும்தான் மேலே. கால் செதுக்க வராததால் அப்படிச் செய்தேன் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் தலைவாசல் நிலையைச் செல் அரித்துவிட்டது. டில்லியில் சக்ரவர்த்திக்குப் பட்டாபிஷேகம் முடிந்த மறுமாதம், தையில், புது நிலை வைக்க நாள் குறித்திருந்தது. அதன் நெற்றியில் என் யானை ஏறவேண்டும். தெருவே அண்ணாந்து பார்க்கவேண்டும். ஆனால் ஏற்றுவதற்கு முன் யாராவது நேர்மையாகச் சொல்லவேண்டுமே, தேறுமா தேறாதா என்று.

வீட்டில் இருக்கிற ஒரே ஆள் என் மனைவி கோமு. நான் செய்தது என்றால் பார்ப்பதற்கு முன்பே குறை சொல்லுவாள். கிளியைக் கத்தரிக்காய் என்றாள். தாமரையைப் பார்த்து, “வாழைப்பூவை ஏன் இப்படிப் பிச்சுப் போட்டிருக்கிய?” என்றாள்.

ஆகவே தந்திரம் செய்தேன். கொல்லைக் கொட்டகையில் செதுக்கி முடித்த கையோடு பலகையைத் துணியில் சுற்றினேன். பக்கத்துச் சந்து வழியாகப் போய், தெருவிலிருந்து வருகிறவன் மாதிரி வாசலில் நுழைந்தேன்.

“ஏட்டி கோமு, இங்கன வா. அம்பாசமுத்திரத்து ஆசாரி ஒருத்தன் செஞ்சது. நிலைக்கு வாங்கலாமா, சொல்லு.”

“ஆசாரி பேரு?”

இதை நான் யோசித்து வைக்கவில்லை. வாயில் வந்ததைச் சொன்னேன்.

“சுடலைமாடன்.”

ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். பலகையை வெளிச்சத்துக்குக் கொண்டுபோனாள். தலையைச் சாய்த்துப் பார்த்தாள். என்னையும் ஒரு தரம் பார்த்தாள்.

“அடடா, என்ன வேலை! தும்பிக்கையைப் பாருங்க, தண்ணி சொட்டுது. இவருல்லா ஆசாரி! நீங்களும் செதுக்குதிய, பாவம்.”

“அம்புட்டு நல்லாவா இருக்கு?”

“ஏன், பொறாமையா இருக்கோ?”

“எனக்கென்ன பொறாமை? கண்ணு எப்படி?”

“உசிரு இருக்கு.”

“காது?”

“ஆடுது. வாலைத்தான் காணோம்.”

“அது தண்ணிக்குள்ள கெடக்கு.”

“ஆசாரி சொன்னாராக்கும்?”

பலகையைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டேன். சந்தோஷத்தில் மத்தியானத் தூக்கம் வரவில்லை. நிலை வைக்கிற அன்று ஊர் நடுவில் எழுந்து நின்று ‘அந்த ஆசாரி நான்தான்’ என்று சொல்வது, அப்போது இவள் முகத்தைப் பார்ப்பது என்று தீர்மானித்தேன்.

சாப்பிடும்போது கோமு சொன்னாள். “வண்டிக்காரன் பிச்சைக்கண்ணுகிட்டச் சொல்லிவிட்டாச்சு.”

“என்னன்னு?”

“நிலை வைக்குத அன்னைக்கு, செதுக்கினவருக்கு வேட்டி போர்த்தித் தாம்பூலம் குடுக்கணும்லா? வழக்கத்தை விடமுடியுமா? சுடலைமாடன் ஆசாரியைக் கையோட கூட்டிட்டு வரச்சொன்னேன்.”

எடுத்த கவளத்தை இலையிலேயே வைத்தேன். பிறகு யோசித்துப் பார்த்து வாயில் போட்டேன். இல்லாத ஆளை எங்கிருந்து கூட்டி வருவான்? வெறும் வண்டிதான் வரும். வேட்டி எனக்குத்தான்.

மடையன் நான். இந்த ஆற்றங்கரையில் எந்த ஊரில் நின்று ‘ஏலே சுடலைமாடா’ என்றாலும் தெருவில் பாதிப்பேர் திரும்பிப் பார்ப்பார்கள். அதில் ஓர் ஆசாரி இருக்கமாட்டானா?

இருந்தான். நிலை வைக்கிற அன்று காலை வண்டியிலிருந்து இறங்கிக் கும்பிட்டான். கலப்பையும் வண்டிச் சக்கரமும் செய்கிறவன்.

நிலை ஏறியது. நெற்றியில் சந்தனம், குங்குமம், என் யானை. கனைத்துக்கொண்டேன். அதற்குள் அடுத்த வீட்டு ஐயம்பெருமாள் பிள்ளை அண்ணாந்து பார்த்துவிட்டார்.

“என்னவே குற்றாலலிங்கம், நிலையில கமலைச் சாலு தொங்குது?”

மாடு கட்டிக் கிணற்றுத் தண்ணீர் இறைக்கிற தோல் சாலைச் சொல்கிறார். அதிலும் ஒரு நீளக் குழாய் தொங்கும். தெருவே சிரித்தது.

“யானை வே,” என்றேன்.

“யானையா? எவன்வே இதை உம்ம தலையில கட்டுனது?”

கோமு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். ‘நான்தான்’ என்று ஒரு சொல் சொல்லியிருக்கவேண்டும். நாக்கு வேறு சொன்னது.

“ஏமாந்துட்டேன் வே.”

அதோடு நின்றதா? “பய சென்மத்துல யானையையே பார்த்ததில்ல போல,” என்று சேர்த்துக்கொண்டது. மேலேயிருந்து யானை கேட்டுக்கொண்டிருந்தது.

கோமு தாம்பாளத்தை என் கையில் கொடுத்தாள். வேட்டியை நானே சுடலைமாடனுக்குப் போர்த்தினேன். எதற்கென்று தெரியாமல் அவனும் வாங்கிக்கொண்டான்.

அடுக்களையில் போய்க் கோமுவைப் பிடித்தேன்.

“ஏட்டி, உனக்குத் தெரியுமா?”

“அன்னைக்கு உங்க குடுமி பூராவும் மரச்சீவல். தெருவோட போய்ட்டு வாரவிய தலையில அது எப்படி ஒட்டும்?”

“அன்னைக்கே கேட்டிருக்கலாம்லா!”

“நீங்களாச் சொல்லுவியன்னு பார்த்தேன். இன்னைக்கு வாசல்ல வரைக்கும் பார்த்தேன்.”

தலை குனிந்தது. மானம் போனாலும் ஆசை போகவில்லை.

“அப்போ தண்ணி சொட்டுது, காது ஆடுதுன்னியே?”

“ஊரான் வேலைன்னுதான சொன்னிய? அதை நான் ஏன் குறை சொல்லணும்?”

பின்வாசலில் செருமல் கேட்டது. சுடலைமாடன் ஆசாரி நின்றான். வேட்டி மடித்தபடி கையில் இருந்தது.

“அம்மா, அந்த யானையை நான் செஞ்சேன்னு தெருவுல பேசிக்கிடுதாக. இந்த வேட்டியை நீங்களே வச்சுக்கிடுங்க. எம் பேரை மட்டும் சொல்லிராதிய. மூத்த மவளுக்கு மாப்பிள்ளை பார்த்துக்கிட்டிருக்கேன்.”