எலி வெட்டிய ஒயர்

"இந்த வைஃபையை ஒரு வழி பண்ணாம நான் ரூமுக்குள்ள காலெடுத்து வைக்க மாட்டேன்!" என்று அப்பா சபதம் போட்டார். எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. காலெடுத்து வைக்காமல் இருந்தாலே போதும்.

அப்பா ஒரு ஆலையில் டெலிபோன் லைன் பார்த்தவர். எல்லார் கையிலும் செல்போன் வந்ததும் லைனைக் கழற்றினார்கள். கூடவே அப்பாவையும். அன்றைக்குச் சாத்தியது படுக்கையறைக் கதவு. உள்ளே அவரும் லேப்டாப்பும். கேட்டால் வேலை தேடுகிறாராம். சாப்பாட்டுத் தட்டு உள்ளே போகும், பாதி சோற்றோடு வெளியே வரும். பத்தாவதோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவள் நான். வீட்டில் அடைந்து கிடப்பது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். ஆனால் இது வேறு. வீட்டில் யாரோ செத்த மாதிரி இருந்தது. டிவி சத்தத்தைக்கூடக் குறைத்துதான் வைத்தோம்.

இந்த லட்சணத்தில் ஒரு இன்டர்வியூ வந்தது. மறுநாள் காலை, வீடியோவில். அறைக்குள்ளோ வைஃபை செத்துக் கிடந்தது. அடுப்படியில் போய் நின்றால் பறந்தது.

"அப்ப அடுப்படியில உக்காந்து பேசுங்க" என்றாள் அம்மா.

"வெங்காய மூட்டைக்குப் பக்கத்துலயா? ஏய், நான் பார்க்காத லைனா? எங்கேயோ ஒயர்லதான் கோளாறு!"

ஹாலில், படுக்கையறைச் சுவரை ஒட்டிய அலமாரியில் இருக்கிறது வைஃபை பெட்டி. அப்பா அதற்கு வரும் ஒயரைத் தடவினார், முகர்ந்தார், பிளக்கை ஊதினார்.

"திருகாணி போட ஒரு தட்டு குடு. இதோ, பெட்டிக்குப் பின்னாடி பெரிசா ஒண்ணு நிக்குதே."

"அது வேணாங்க, கை வைக்காதீங்க. இந்தாங்க, இதுல போடுங்க."

நான் எட்டிப் பார்த்தேன். எங்கள் வீட்டிலேயே பெரிய எவர்சில்வர் தாம்பாளம். பெட்டிக்கும் படுக்கையறைச் சுவருக்கும் நடுவே, சிக்னலை மறித்துக்கொண்டு கோட்டைச் சுவர் மாதிரி நின்றது. அம்மாவைப் பார்த்தேன். அவள் என்னை அடுப்படிக்குள் இழுத்தாள்.

"வாயைத் திறந்தே, தெரியும் சேதி."

"நீயாம்மா?"

"வேற என்னடி பண்றது? கூப்பிட்டா வர்றாரா, அழுதா வர்றாரா? நெட்டு இல்லன்னாத்தான் அந்த மனுஷன் வெளிய வர்றாரு."

நான் ஒன்றும் தெரியாத மாதிரி ஹாலுக்குத் திரும்பினேன்.

ஹாலில் அப்பா முடிவுக்கு வந்துவிட்டார். ஒயரை வெட்டி, இன்னொரு துண்டைச் சேர்த்து முறுக்கி, பெட்டியையே அறைக்குள் கொண்டுபோய்விடுவாராம். ஆலையில் ஆயிரம் தடவை செய்த வேலை. டக்கென்று வெட்டினார். பெட்டியில் சிவப்பு விளக்கு எரிந்தது. வெட்டிய முனையை உற்றுப் பார்த்தார்.

"என்னடி இது? செம்பே இல்ல. உள்ள மயிரு மாதிரி கண்ணாடி இருக்கு!"

முறுக்கினார். கண்ணாடி உடைந்தது. திரும்பவும் முறுக்கினார். அப்புறம் கட்டிங் பிளேயரை மடியில் போட்டுக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். அவர் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. கையில் இருந்த ஒரே தொழிலும் கழன்று விழுந்த முகம் அது.

"காலையில இன்டர்வியூ" என்றார், யாரையும் பார்க்காமல்.

"ஆள் வந்துருவான். நீங்க கட்டிங் பிளேயரைத் தேடும்போதே போன் போட்டுட்டேன்" என்றாள் அம்மா.

மறுநாள் விடிந்ததும் சர்வீஸ்காரர் வந்தார். முனையைப் பார்த்தார். "யாருங்க இதை வெட்டுனது?"

"எலி" என்றாள் அம்மா.

"எலி கட்டிங் பிளேயர் வச்சிருந்துச்சா?"

அப்பா கூரையைப் பார்த்தார்.

"பழைய எலிங்க, பழக்க தோஷம்" என்றாள் அம்மா. "பெட்டியை அடுப்படியில மாட்டிருங்க. எலி அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காது."

மாட்டினார். அவர் போனதும் அம்மா தாம்பாளத்தைத் தூக்கி வந்து பெட்டிக்குப் பின்னால் அதே மாதிரி சாய்த்து வைத்தாள். அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு வெங்காய மூட்டைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். வேறு வழி?

லேப்டாப்பில் ஒரு அம்மணி வந்தார். ஏதோ நெட் கம்பெனி. புகார் கேட்டுப் பதில் சொல்கிற வேலை.

"ஒரு வீட்ல ஒரு ரூமுக்கு மட்டும் வைஃபை வரலை. முதல்ல என்ன பார்ப்பீங்க?"

"ஒயரை..." என்று ஆரம்பித்த அப்பா நிறுத்தினார். அவர் கண் பெட்டிக்குப் போனது. பெட்டியிலிருந்து தாம்பாளத்துக்கு. தாம்பாளத்திலிருந்து அம்மாவுக்கு. அம்மா மும்முரமாக வெங்காயம் உரித்தாள்.

"பெட்டிக்குப் பின்னாடி என்ன நிக்குதுன்னு பார்ப்பேங்க."

"ஏதாவது நின்னா?"

"எடுத்துருவேன். வீட்ல யார் வச்சாங்கன்னு மட்டும் கேக்க மாட்டேங்க."

அம்மணி சிரித்துவிட்டார். சொல்லி அனுப்புகிறேன் என்றார். இன்னும் சொல்லி அனுப்பவில்லை. அனுப்புவார்கள் என்று எனக்கு நம்பிக்கையும் இல்லை.

அப்பா லேப்டாப்பை மூடினார். எழுந்தார். தாம்பாளத்தைக் கையில் எடுத்து, ரொம்ப நாள் கழித்து நெஞ்சை நிமிர்த்தினார்.

"கோளாறைக் கண்டுபிடிச்சிட்டேன்டி!"

"சந்தோஷம்" என்றாள் அம்மா. "கையோட அதைக் கழுவி வச்சிட்டு, இந்த வெங்காயத்தை உரிங்க."